கொக்கி போட்ட கரண்ட்

எங்கள் வீட்டில் கோபத்துக்கு யூனிட் உண்டு.
அப்பா மின்வாரியத்தில் கணக்கெடுப்பவர்.
பகலெல்லாம் தச்சநல்லூர் நடைகளில் ஏறி இறங்கி
மீட்டர்ப் பெட்டியின் தூசியை ஊதிப் பார்த்த அதே கண்ணால்
ராத்திரி எங்கள் முகங்களைப் பார்ப்பார்.
காலண்டர் கட்டத்துக்குள் பென்சில் ஓடும்:
பகவதி 6. சைலம் 2. பெரியவ 11.

பெரியவ நான்தான்.
இரண்டு மாதத்துக்கு ஒரு பில்.
முதல் நூறு தள்ளுபடி,
அதற்குமேல் யூனிட்டுக்கு ஒரு பாத்திரம் கழுவ வேண்டும்.
மற்ற வீடுகளில் அடிப்பார்களாம்.
எங்கள் வீட்டில் ரசீது.
ப்ளஸ் டூ பரீட்சை சமயம்
எதிர்வீட்டுக் கல்யாண அண்டா வரைக்கும் கழுவியிருக்கிறேன்.

அம்மாவுக்கு ஐகிரவுண்டுப் பக்கம்
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
அவள் அறிந்த உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை:
நரம்பு தெரிகிறவர்கள், தெரியாதவர்கள்.
சித்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து
சம்பளம் சொல்லவில்லை, நிறம் சொல்லவில்லை,
"முழங்கை மடிப்புல விரல் தண்டிக்கு ஓடுது, முடிச்சிரலாம்" என்றாள்.
(முடித்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.)

தம்பி சைலம் ஒன்பதாம் வகுப்பு.
குக்கர் விசிலைக் கேட்டே வீடு சொல்லுவான்.
"இது மாடி வீட்டு டீச்சர். கொண்டக்கடல.
நேத்து ஊறப்போட மறந்துட்டாவ."
விசாரித்தோம். மறந்துதான் போயிருக்கிறார்கள்.

என் பங்குக்கு நான் பலகைகள் சேர்க்கிறேன்,
எழுத்துப் பிழையுள்ளவை மட்டும்.
நாற்பது பக்க நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு.
வண்ணாரப்பேட்டைப் பாலத்தடியில் 'பசும்பல் கிடைக்கும்'.
பேட்டையில் 'மூடி வெட்டும் நிலையம்'.
ஆனால் என் பித்தம் தெளிவித்தது
சமாதானபுரத்தில் சுழி விட்டுப்போன ஓர் அட்டை:
'விடு வாடகைக்கு'.
விடு.
அந்த ஒற்றைச் சொல்லை
சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
மூன்று நாள் என் கட்டத்தில் சைபர்.
நாலாம் நாள் அப்பா என் நெற்றியைத் தட்டிப் பார்த்தார்:
"மீட்டர் ஓடலியே. பழுதா?"

இதையெல்லாம் கல்லூரி விழாவில்
ஐந்து நிமிடம் பேசப் பேர் கொடுத்தேன்.
வீட்டில் ஒத்திகை.
மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து
இரங்கல் கூட்டம் போலக் கேட்டார்கள்.
"இதுல என்னட்டி சிரிப்பு இருக்கு?" என்றாள் அம்மா,
"நடந்ததத்தான சொல்லுத?"
செய்யதலி பாத்திமாவிடம் சொன்னேன். தலையாட்டினாள்.
ரெண்டு நாள் கழித்து, பஸ் ஆத்துப்பாலத்தில் நிற்கையில்
"பசும்பல்லு" என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கண்ணீர் வரச் சிரித்தாள்.
போட்டியில் அவ்வளவு நேரம் தரமாட்டார்களே.

மேடையில் முதல் இரண்டு நிமிடம்
மின்விசிறிக்கு மட்டும் ரசனை இருந்தது.
தொண்டை வறண்டு,
"எங்கப்பா கடைசி வரிசையிலதான் இருக்காவ,
வேணும்னா கேட்டுக்கிடுங்க" என்றேன்.
அவர் எழுந்து நின்றார்.
பையிலிருந்து டார்ச்சை எடுத்து என் முகத்தில் அடித்தார்.
"பதட்டம், எட்டு" என்றார், ஆபீஸ் குரலில்.
அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் சிரித்தார்கள்,
'வணக்கம்' உட்பட.

பரிசு, நாய் போலக் குரைத்தவனுக்குப் போனது.
சவத்தைத் தள்ளு.
அம்மா நடுவரின் கையைப் பார்த்திருந்தாள்:
"நரம்பே இல்லாத ஆளு. வேற எப்படி மார்க் போடுவாரு?"
காலண்டரில் என் கட்டத்தில் 43.
"அம்புட்டா கோவப்பட்டேன்?"
"சிரிப்புட்டி. எண்ணிக்கிட்டே இருந்தேன்.
நடுவுல ஒருக்க கரண்டு போச்சு, அது கணக்குல வரல."

இன்று காலை பாலத்தடியில்
யாரோ சுண்ணாம்பைத் தொட்டுக் கால் போட்டுவிட்டார்கள்.
பசும்பால்.
சைக்கிளை நிறுத்தி
அந்தக் காலையே முறைத்துக்கொண்டு நின்றேன்.
குறைந்தது ஏழு யூனிட் இருக்கும்.
அப்பாவிடம் சொல்லவில்லை.
கொக்கி போட்ட கரண்ட்.